டபிள்யூ ப்ரைம்: இரண்டு வருடம் அந்த எண்ணோடு ஓட்டியதில்

சைக்கிள் ஹெட் யூனிட்டின் (ஹேண்டில்பாரில் மாட்டும் சின்னத் திரை) ஓரத்தில் ஒரு எண். கிளம்பும்போது 15.8. ஏற்றத்தில் மளமளவென்று இறங்கும், சும்மா உருட்டும்போது மெல்ல ஏறும். இரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். இறங்கும்போது அது சொல்வதை நம்பலாம். ஏறும்போது சொல்வதை நம்பி நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

புதியவர்களுக்கு மட்டும்: களைத்து விழாமல் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும் வாட்ஸின் எல்லைதான் கிரிட்டிகல் பவர், சுருக்கமாக சிபி. அதற்கு மேலே மிதிக்கும் ஒவ்வொரு வாட்டும் ஒரு சின்னக் கையிருப்பிலிருந்து போகிறது. அதுதான் டபிள்யூ ப்ரைம். கிலோஜூலில் சொல்வார்கள். அடிப்படைக் கணக்கு 1965இல் மோனோ, ஷெரேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் போட்டது. செலவானது எந்த வேகத்தில் திரும்பும் என்பதற்கு 2012இல் பிலிப் ஸ்கிபா குழு சூத்திரம் கொடுத்தது. வீட்டுக்கு வந்து ரைடு ஃபைலை கோல்டன் சீட்டா என்ற மென்பொருளில் திறந்தால், அந்த ஏற்ற இறக்கத்தை முழுதாக வரைந்து காட்டும். இலவசம்.

ஆரம்பத்தில் சோம்பேறித்தனம் செய்தேன். 20 நிமிட டெஸ்டின் சராசரி வாட்ஸில் 95 சதவீதம் எடுத்து வைத்திருந்த எஃப்டிபியையே (சுமார் ஒரு மணி நேரம் தாங்கும் வாட்ஸின் தோராய மதிப்பு) சிபி என்று போட்டேன். ஈசிஆரில் எதிர்காற்றில் ஒரு க்ரூப் ரைடு, கோவளம் தாண்டி முன்னால் போய் இழுத்தேன். வீட்டில் பார்த்தால் மைனஸ் 3 கிலோஜூல்! இந்தக் கையிருப்பில் ஓவர்டிராஃப்ட் கிடையாது. மைனஸ் வந்தால் நாம் கொடுத்த எண் பொய் என்று அர்த்தம், கால் பீமசேனன் கால் என்று அல்ல.

பிறகு ஒழுங்காக, வெவ்வேறு நாளில், 3 நிமிடமும் 12 நிமிடமும் முழுமூச்சாக மிதித்தேன். 318 வாட்ஸ், 252 வாட்ஸ். செய்த வேலை முறையே 57,240 ஜூல், 1,81,440 ஜூல். வித்தியாசத்தை 540 வினாடியால் வகுத்தால் 230. அது சிபி. 3 நிமிட வேலையில் சிபியின் பங்கைக் கழித்தால் மிச்சம் 15,840 ஜூல். அதுதான் என் டபிள்யூ ப்ரைம், திரையில் வரும் 15.8. கால்குலேட்டர் போதும், சந்தா எதுவும் வேண்டாம்.

செலவுப் பக்கம் எவ்வளவு சரி என்பது ஏலகிரியில் தெரிந்தது. 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் எழுந்து நின்று 15 வினாடி 330 வாட்ஸ் போடுவது எனக்குப் பழக்கம். சிபிக்கு மேல் 100 வாட்ஸ், ஒரு வளைவுக்கு 1.5 கிலோஜூல். 14 வளைவுக்கு 21. என்னிடம் இருப்பதோ 15.8. இடையில் 230க்குக் கீழே இறங்கினால்தானே ஏதாவது திரும்ப வரும்? முதல் தடவை, பாரி பெயர்ப் பலகை வருவதற்குள் மொத்தத்தையும் தானம் பண்ணிவிட்டிருந்தேன். அடுத்த தடவை உட்கார்ந்தபடியே ஏறினேன். மேலே போய்ச் சேரும்போது கையில் 4 மிச்சம், பேசவும் முடிந்தது.

இனி வரவுப் பக்கம். என் பயிற்சி: 290 வாட்ஸில் 2 நிமிடம், பிறகு 120 வாட்ஸில் 3 நிமிடம் உருட்டல். ஒரு செட்டுக்கு 7.2 கிலோஜூல் போய்விடும், மிச்சம் 8.6. முதல் ஓய்வு முடிந்ததும் 2012 சூத்திரத்தின்படி கையில் 10.8. பிறகு வந்த டிஃபரன்ஷியல் கணக்கு என்ற இன்னொரு சூத்திரத்தின்படி 13.8. ஒரே கால், ஒரே 3 நிமிடம், 3 கிலோஜூல் வித்தியாசம்! முதலாவதன்படி மூன்றாவது செட் முடிவில் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டாவது, இன்னும் பல செட் போகலாம் என்று ஆசை காட்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் கால் முதல் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஏப்ரலில் எட்டரை மணி வெயிலில் அதுவும் பொய். மூன்றாவது செட்டில் இருபது வினாடி பாக்கி இருக்கும்போதே கால் நின்றுவிட்டது, திரையில் மட்டும் இருப்பு.

சூத்திரத்துக்கு வெயிலும் தெரியாது, இது எத்தனையாவது செட் என்பதும் தெரியாது. முழுக்கக் காலியான பின் லேசாக மிதித்து ஓய்வெடுத்தவர்களுக்கு 2 நிமிடத்தில் சராசரியாக 37 சதவீதம், 6 நிமிடத்தில் 65, 15 நிமிடத்தில் 86 திரும்பியது என்று 2010இல் ஒரு ஆய்வு வந்தது. கால் மணி நேரம் உருட்டியும் முழுசாக நிரம்பவில்லை. உலகத்தரத்து வீரர்களை வைத்து 2018இல் செய்ததில், ஸ்கிபா சொன்னதைவிட அவர்கள் வேகமாகவே மீண்டார்கள். ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயம்.

இடதுகாலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்கணும். களைத்தால் எனக்கு வலதுகால்தான் முதலில் தளரும், மீட்டருக்கு அது தெரியவே தெரியாது.

இப்போதெல்லாம் இரண்டாவது செட்டுக்குப் பிறகு திரை காட்டுவதில் முக்கால் பங்கைத்தான் கணக்கில் எடுக்கிறேன். கூட வரும் தம்பி, “அண்ணா, எவ்ளோ இருக்கு?” என்று கேட்டால் அந்த முக்காலைத்தான் சொல்வேன். டெஸ்ட் எடுத்து ஐந்து மாதம் ஆகிறது, திரும்ப எடுக்கணும். 318 வராது என்று இப்போதே தெரிகிறது.