மூன்று வருடம் கழித்து பானெட்டுக்குள் ஒரு பார்வை

ஐயா வாங்கிய 1982 மாடல் அம்பாசடர் மார்க் 4, கானாடுகாத்தான் வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் பதினோரு வருடம் நின்றது. பானெட்டைத் தூக்கினால் ஏர் ஃபில்டர் மேல் அணில் கூடு, அடியில் எலி கடித்த ஒயர். மற்ற இடமெல்லாம் செம்மண் புழுதியும் பழைய ஆயிலும் சேர்ந்து இறுகிய கறுப்பு அடை. 1489 சிசி பெட்ரோல் என்ஜினின் நிறமே தெரியவில்லை. ஒயரிங்கை மாற்றி ஓட வைத்து, உள்பக்கத்தைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்து இந்தத் தையோடு மூன்று வருடம். எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது சொல்லலாம்.

முதலில் ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டேன். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை மூடாமலே பிரஷரில் அடித்துவிட்டார்கள். மூடிக்குள் ஈரம் இறங்கி இரண்டு நாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அப்புறம் எல்லாமே கைவேலைதான். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மண்ணெண்ணெயும் பெயின்ட் பிரஷும், சந்துகளுக்குப் பழைய டூத் பிரஷும். நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது.

பேட்டரித் தட்டுதான் மோசம். ஆசிட் கசிந்து தகடு செதில் செதிலாக வந்தது. ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினால் பொங்கி நுரைத்தது. நுரை அடங்கும்வரை ஊற்றினேன். காரைக்குடி சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். அரிமானத்தை ஆராயும் இடத்தில் இருந்தவர் ஆயிற்றே. "தம்பி, துரு மேலேயே பெயின்ட் அடிச்சிராதீங்க, உள்ளே தின்னுக்கிட்டே இருக்கும்" என்றார். கம்பி பிரஷால் உதிர்கிறதை உதிர்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவினோம். சிவப்புத் துரு கருத்து இறுகியது. அதன்மேல் ரெட் ஆக்சைடு பிரைமர், பிறகு எனாமல் பெயின்ட். இன்றுவரை ஒரு கொப்புளம் இல்லை. மொத்த வேலையிலும் எனக்கு முழுத் திருப்தி இதில்தான்.

என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நேர்மாறு. சாதா சில்வர் பெயின்ட் ஒரே மாதத்தில் கருகியது. சூடு தாங்கும் பெயின்ட் வாங்கி மறுபடி அடித்தேன், அதுவும் பாதி உதிர்ந்துவிட்டது. வார்ப்பிரும்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ரப்பர் ஹோஸ்களுக்கு மினுமினுப்பு ஸ்பிரே வாங்கவே வேண்டாம். நம்ம ஊர்ப் புழுதி அதில் பசை போல ஒட்டுகிறது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

என்ஜின் பிளாக்குக்கு வெளிர் சாம்பல் அடித்தது நல்ல முடிவு. மேனிஃபோல்டுக்குப் பின்னால், பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு தகட்டு மூடிகள் உண்டு. போன மாதம் பின்மூடிக்குக் கீழே தலைமுடி பருமனில் ஆயில் கசிந்த ஒரு பழுப்புக் கோடு. அடை இருந்த காலத்தில் இதை யார் பார்த்திருப்பார்கள்? போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கலாம் என்று கை பரபரத்தது. ஆனால் அதிகம் முறுக்கினால் மெல்லிய தகடு வளைந்து, கசிவு கூடத்தான் செய்யும். மேனிஃபோல்டைக் கழற்றி, மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கைத்தான் மாற்ற வேண்டும். கார்க் பேக்கிங் வாங்கி வைத்தாயிற்று. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி போவதற்குள் முடித்துவிடுவேன்.