ஹியூமிடாருக்கு வாடையில்லாத சீலன்ட்: மாதக்கணக்கில் பயன்படுத்தினால் தெரிவது

இடுக்கை அடைக்கும் சீலன்ட் டியூபில் ‘வாடையற்றது’ என்று அச்சிட்டிருந்தால், பூசும்போது மூக்கைத் துளைக்காது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹியூமிடார் எனும் சுருட்டுப் பெட்டிக்குள், 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் மூடி, மாதக்கணக்கில் சுருட்டோடு அடைந்து கிடப்பது வேறு கணக்கு. பக்கத்தில் இருக்கும் வாடையைப் புகையிலை இழுத்துக்கொள்ளும்; ஏறிய வாடை லேசில் போகாது.

சிலிகான் சீலன்ட்டில் பிராண்டைவிட முக்கியம், அது எதை வெளியேற்றி இறுகுகிறது என்பது. அசிட்டாக்ஸி வகை அசிட்டிக் அமிலத்தை விடும். வினிகர் நெடி அதனால்தான். பித்தளைக் கீல் பக்கத்தில் இருந்தால் அதையும் அரிக்கும். அமிலம் விடாத நியூட்ரல் வகை எல்லாமே நல்லது என்பதும் பாதி உண்மைதான். ஆக்சைம் நியூட்ரலில் ஒரு கரைப்பான் வாடை தங்கி நிற்கும். ஆல்காக்ஸி நியூட்ரல் விடுவது மெத்தனால் அல்லது எத்தனால். அது சீக்கிரம் பறந்துவிடும். இந்த வேலைக்கு முதல் தேர்வு அதுதான். டியூபில் வகை போடவில்லையென்றால் பாதுகாப்புத் தரவுத்தாளைப் பாருங்கள்: இறுகும்போது ஆக்சைம் வெளிவரும் என்று இருந்தால் தவிர்த்துவிடலாம். குளியலறை சிலிகான் வேண்டவே வேண்டாம், அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். மீன்தொட்டி சிலிகானில் அது கிடையாது. பெரும்பாலும் அசிட்டாக்ஸிதான் என்றாலும், முழுசாக இறுகிய பிறகு தொந்தரவு தராது.

‘முழுசாக’ என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிலிகான் காற்றின் ஈரத்தை வாங்கி மேலிருந்து உள்ளே இறுகும். சுமாராக 24 மணி நேரத்துக்கு 2 முதல் 3 மி.மீ. ஆழம். மேல்தோல் தடிக்கத் தடிக்க வேகம் குறையும். மூலையில் 10 மி.மீ. அப்பினால் ஒரு வாரம் தாண்டியும் உள்ளே பச்சையாகவே இருக்கும். 3, 4 மி.மீ. வரி போதும். மூடியைத் திறந்தே வையுங்கள். மறுநாளே மூடினால், இறுகும்போது வெளிவரும் ஆவி உள்பலகைக்குள் ஏறி, பிறகு சிலிகானைச் சுரண்டி எடுத்தாலும் வாடை நிற்கும்.

சோதிக்காமல் பெட்டியில் பூச வேண்டாம். அலுமினியத் தாளில் 5 செ.மீ. நீளத்துக்கு ஒரு வரி இழுத்து 7 நாள் காயவிடுங்கள். அதை ஒரு சிடார் மரத்துண்டோடு கண்ணாடி ஜாடியில் போட்டு 48 மணி நேரம் மூடி வையுங்கள். இன்னொரு ஜாடியில் வெறும் தாளும் சிடார் துண்டும் மட்டும். இரண்டையும் திறந்து முகர்ந்தால் வித்தியாசம் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் ஒரு வாரம். அப்போதும் தெரிந்தால் டியூபை மாற்றுங்கள். (காபி குடித்த கையோடு முகர்ந்து பார்க்காதீர்கள்.)

சிலிகானுக்கு உரிய இடம் கண்ணாடி பதியும் பள்ளமும், பழைய ஐஸ்பெட்டியை ஹியூமிடாராக மாற்றிச் செய்தால் அதன் வடிகால் துளையும். மர மூட்டுக்கு வெள்ளைப் பசையே போதும். பிளைவுட் விளிம்புக்கு மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு): லிட்டர் எத்தனாலுக்கு 120 கிராம், மூன்று மெல்லிய கோட், இடையிடையே நைசான உப்புத்தாள். நெடியடிக்கும் மலிவு ஸ்பிரிட்டில் கரைத்தால் செய்த வேலை வீண். ஸ்பானிஷ் சிடார் உள்பலகை மேல் எதையும் பூசாதீர்கள். ஈரத்தை வாங்கித் திருப்பித் தருவதே அதன் வேலை. பாலிஷ், ஷெல்லாக் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் சிலிகான். அதன் மேல் எதுவும் ஒட்டாது.

பிசினையும் ஹார்டனரையும் (இறுக்கும் திரவம்) கலந்து பூசும் எபாக்சியை சரியான விகிதத்தில் கலந்தால் வாடை விடாது. கண்ணளவில் ஊற்றி ஹார்டனர் கூடிப்போனால் மீன்கவிச்சி போன்ற அமீன் வாடையோடு பிசுபிசுப்பாகவே நிற்கும். அக்ரிலிக் சீலன்ட் காயும்போது சுருங்கும். பருவத்துக்குப் பருவம் மரம் உப்பிச் சுருங்க, வரியோரம் விரிசல் விடும். சிலிகான் அந்த அசைவுக்கு இழுபட்டுக் கொடுக்கும். அதுவும் ஒருநாள் உரிந்தால் பழையதன் மேலேயே புதியதை அப்பாதீர்கள், பிடிக்காது. பிளேடால் முழுக்கச் சுரண்டித் துடைத்துவிட்டுப் பூசுங்கள்.

ஈரப்பதம் நிற்கவில்லை என்றதும் உடனே டியூபைத் தூக்க வேண்டாம். இருட்டறையில் எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். பெரும்பாலும் வெளிச்சம் கசிவது மூட்டில் அல்ல, மூடியின் விளிம்பில்தான். அங்கே தேவைப்படுவது சீலன்ட் அல்ல, உப்புத்தாளும் கீலின் திருகைச் சரிசெய்வதும்.