ஹான்ஸ், சோய், டாலி: லிம்ஃபோமாவின் பிறப்பிடத்தை எது சரியாகச் சொல்கிறது?

பி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவில் தோன்றும் புற்றுநோயான பரவலான பெரிய பி செல் லிம்ஃபோமா என்று பயாப்சி (திசுச் சோதனை) முடிவு வந்ததும் அடுத்த கேள்வி எழும். இந்தப் புற்றுச் செல், பி செல் வளர்ச்சியின் எந்தக் கட்டத்திலிருந்து கிளம்பியது? நுண்ணோக்கியில் உருவத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2000-ல் ஆய்வாளர் அலிசாதேயின் குழுவினர் மரபணு வெளிப்பாட்டை, அதாவது எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதை, அளந்தபோதுதான் ஒரே பெயருக்குள் இரண்டு நோய்கள் இருப்பது தெரியவந்தது. ஒன்று, நிணநீர் முடிச்சில் பி செல்கள் பெருகி முதிரும் ஜெர்மினல் சென்டரில் உள்ள பி செல்லை ஒத்தது, அதுதான் ஜிசிபி. மற்றது, தூண்டப்பட்ட பி செல்லை ஒத்த ஏபிசி. அன்றைய கீமோ சிகிச்சையில் ஜிசிபி நோயாளிகள் கூடுதல் காலம் பிழைத்திருந்தார்கள்.

அந்த அளவீட்டுக்கு உறையவைத்த புதுத் திசு வேண்டும். பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பதோ ஃபார்மலினில் ஊறி பாரஃபினில் பதிந்த திசுதான். அதனால் குறிப்பிட்ட புரதங்களில் போய் ஒட்டும் ஆன்டிபாடிகளைக் கொண்டு சாயமேற்றி, அதே பதிலை எட்ட முடியுமா என்று பலரும் முயன்றார்கள். அப்படி வந்த வழிகளில் முக்கியமானவை மூன்று.

2004-ல் வந்த ஹான்ஸ் முறைதான் இன்றும் அதிகம் புழக்கத்தில் உள்ளது. சிடி10, பிசிஎல்6, மம்1 என மூன்று புரதங்களுக்கு மூன்றே சாயங்கள். ஒவ்வொன்றிலும் 30% செல்கள் நிறமேற்றால் பாசிட்டிவ். சிடி10 பாசிட்டிவ் என்றால் அங்கேயே ஜிசிபி என்று முடித்துவிடலாம். சிடி10, பிசிஎல்6 இரண்டும் இல்லையென்றால் ஜிசிபி அல்லாதது. பிசிஎல்6 மட்டும் இருந்தால் மம்1 தீர்மானிக்கும்: மம்1 இருந்தால் ஜிசிபி அல்லாதது, இல்லையென்றால் ஜிசிபி. இதில் உயிரியல் நியாயம் இருக்கிறது. சிடி10-ம் பிசிஎல்6-ம் ஜெர்மினல் சென்டர் செல்லின் அடையாளங்கள். அங்கிருந்து வெளியேறி, ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல் ஆகும் பாதையில் மம்1 தலைகாட்டும்.

சிக்கல் பிசிஎல்6-ல்தான். உட்கருவில் ஏறும் இந்தச் சாயத்தின் அடர்த்தி, திசு எவ்வளவு நேரம் ஃபார்மலினில் கிடந்தது, ஆய்வகம் எந்த ஆன்டிபாடி வாங்கியது என்பதையெல்லாம் பொறுத்து மாறும். ஒரே ஸ்லைடை இரண்டு பேத்தாலஜிஸ்ட்கள் பார்த்தால் ஒருவர் 25% என்பார், இன்னொருவர் 35% என்பார். அந்த வித்தியாசத்திலேயே நோயின் வகை மாறிவிடும். ஸ்லைடில் மிச்சமிருக்கும் இயல்பான ஜெர்மினல் சென்டரில் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். ஊசி பயாப்சியில் பல சமயம் அதுவும் கிடைக்காது.

2009-ல் வந்த சோய் முறை ஜிசெட்1, ஃபாக்ஸ்பி1 இரண்டையும் சேர்த்து ஐந்து சாயங்களாக்கியது. மரபணு முடிவோடு சுமார் 93% ஒத்துப்போனதாக அந்த ஆய்வு சொன்னது. எண்ணிக்கையில் ஹான்ஸை விட மேல். ஆனால் மூன்று சாயங்களுக்கு வரம்பு 80%, மற்ற இரண்டுக்கு 30%. படிகள் கூடக்கூட, முன்படியில் நடந்த பிழை பின்படிகளையும் இழுத்துக்கொண்டு போகும். சிறிய ஊசித் துண்டில் ஐந்து சாயத்துக்குத் திசுவும் போதாமல் போகலாம்.

2011-ல் வந்த டாலி முறை என் பார்வையில் மூன்றிலும் புத்திசாலித்தனமானது. இதில் வரிசையே கிடையாது. சிடி10, ஜிசெட்1 ஜிசிபி பக்கம். மம்1, ஃபாக்ஸ்பி1 ஜிசிபி அல்லாத பக்கம். எந்தப் பக்கம் பாசிட்டிவ் அதிகமோ அந்த வகை. சமமாக வந்தால் எல்எம்ஓ2 என்ற இன்னொரு புரதத்தின் சாயம் முடிவு சொல்லும். தொல்லை தரும் பிசிஎல்6-ஐயே விட்டுவிட்டார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. இருந்தும் பரவவில்லை. ஜிசெட்1 ஆன்டிபாடியை வாங்கி, சோதித்து, தரம் பார்த்து வைத்திருக்கும் ஆய்வகங்கள் குறைவு. ஹான்ஸுக்கு வேண்டிய மூன்றும் வேறு பல நோய்களுக்கும் தேவைப்படுவதால் அலமாரியில் எப்போதும் இருக்கும்.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. சாயங்கள் சொல்வது "ஜிசிபி" அல்லது "ஜிசிபி அல்லாதது" என்பதை மட்டுமே. மரபணு அளவீட்டில் எந்தப் பக்கமும் சேராத மூன்றாவது குழுவும் இருக்கிறது. சாய முறைகள் அவர்களையும் ஏதோ ஒரு பெட்டிக்குள் தள்ளிவிடும். 2014-ல் வந்த லிம்ஃப்2சிஎக்ஸ் சோதனை 20 மரபணுக்களை பாரஃபின் திசுவிலேயே அளந்து, அந்த மூன்றாவது குழுவையும் தனியாகக் காட்டுகிறது. துல்லியம் வேண்டுமென்றால் இதுதான் மேல். ஆனால் தனிக் கருவி வேண்டும், செலவும் அதிகம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு வகை பிரித்தால் சிகிச்சை மாறுகிறதா? ஃபீனிக்ஸ் ஆய்வு, சாயத்தின் மூலம் ஜிசிபி அல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்து வழக்கமான கூட்டுச் சிகிச்சையான ஆர்-சாப்போடு இப்ருட்டினிப் என்ற மருந்தையும் கொடுத்தது. ரோபஸ்ட் ஆய்வு, மரபணு அளவீட்டில் ஏபிசி என்று உறுதியானவர்களுக்கு ஆர்-சாப்போடு லெனலிடமைட் என்ற மருந்தைச் சேர்த்தது. இரண்டும் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆகவே தோல்வியைச் சாயத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஏபிசிக்குள்ளேயே எம்ஒய்டி88, சிடி79பி மரபணு மாற்றங்கள் உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்திருக்கிறார்கள்.

இன்றைக்கு ஒரு சாதாரண ஆய்வகத்துக்கு நான் சொல்வது ஹான்ஸ்தான். சாயங்களின் தரத்தை வெளி ஆய்வகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். எந்த முறை என்று பெயர் எழுத வேண்டும். "ஏபிசி" என்று எழுதாமல் "ஜிசிபி அல்லாதது" என்றே எழுத வேண்டும். மூன்று சாயங்களின் சதவீதத்தையும் அறிக்கையிலேயே தர வேண்டும். பிசிஎல்6 30%-ஐ ஒட்டி நிற்கும் நோயாளி யார், 90% தொட்டவர் யார் என்று படிக்கும் மருத்துவருக்குத் தெரிந்தால்தான், யாருடைய திசுவை மரபணு சோதனைக்கு அனுப்புவது என்று அவரால் முடிவெடுக்க முடியும்.