எப்காட்டில் நீமோ பொருந்துகிறான், கார்டியன்ஸ் ஏன் பொருந்தவில்லை?

ஃப்ளோரிடாவில் டிஸ்னிக்கு நான்கு பெரிய தீம் பார்க்குகள் இருக்கின்றன. அதில் எப்காட்டைப் பற்றி மட்டும் ஒரு தீராத வழக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அறிவியலும் உலக நாடுகளும் சொல்லித்தரவென்று கட்டிய இடத்தில் சினிமாப் பாத்திரங்களுக்கு என்ன வேலை என்பது ஒரு கட்சி. காசு கொடுத்து வருகிறவன் வகுப்பில் உட்காரவா வருகிறான் என்பது எதிர்க்கட்சி.

1982 அக்டோபர் 1 அன்று திறந்த புதிதில் மிக்கி மவுஸைக்கூட உள்ளே விடவில்லை. வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. முன்பாதியில் ஆற்றல், போக்குவரத்து, நிலம், தகவல் தொடர்பு என்று பொருளுக்கு ஒரு அரங்கு. பின்பாதியில் ஏரியைச் சுற்றி நாட்டுக்கு ஒரு அரங்கு. இன்றைக்கு அதே இடத்தில் 'ஃப்ரோஸன்' படத்து எல்சா, குட்டி மீன் நீமோ, தீவுப் பெண் மோனா, சமையல்கார எலி ரெமி, 'கார்டியன்ஸ்' என்ற விண்வெளி வீரர் கும்பல் என்று சினிமாப் பாத்திரங்களின் கூட்டம் களைகட்டுகிறது.

'அசல் நோக்கம்' என்று பேசுகிறவர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். வால்ட் டிஸ்னி 1966-ல் திட்டமிட்டது பார்க்கே இல்லை. இருபதாயிரம் பேர் வசிக்கப்போகிற ஒரு நிஜமான ஊர். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார், ஊரும் அவரோடு போயிற்று. பிறகு வந்த நிர்வாகம் அந்தப் பெயரை வைத்து ஒரு நிரந்தர உலகக் கண்காட்சியைக் கட்டியது. அதற்கும் பெரிய கம்பெனிகள்தான் பணம் போட்டன. ஆற்றல் அரங்குக்கு எக்ஸான், போக்குவரத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ், நிலத்துக்கு க்ராஃப்ட். பாடத்தோடு விளம்பரமும் முதல் நாளிலிருந்தே உண்டு.

அதனால் 'பழையது புனிதம், புதியது வியாபாரம்' என்று கோடு போட்டால் சரிவராது. ஒவ்வொரு ரைடிலும் நான் பார்ப்பது இதைத்தான்: சினிமாப் பாத்திரங்களை மொத்தமாக உருவிவிட்டால், அந்த அரங்கின் பொருளைப் பற்றி அங்கே மிச்சம் ஏதாவது நிற்கிறதா?

முதலில் அதிகம் திட்டு வாங்குகிற ரைடு. ஆற்றல் அரங்கு 2017 ஆகஸ்டில் மூடப்பட்டு, 2022 மே மாதம் அந்த இடத்தில் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி: காஸ்மிக் ரீவைண்ட்' திறந்தது. பழைய அரங்கில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் தியேட்டரே ஆறு பெரிய வண்டிகளாகப் பிரிந்து, டைனோசர்கள் உறுமும் ஈரக்காட்டுக்குள் மெதுவாக நகரும். கூரையில் சூரிய மின்தகடுகள். 1996-ல் நகைச்சுவை நடிகை எலன் டிஜெனரஸையும் டிவியில் அறிவியல் சொல்லித்தரும் பில் நையையும் கொண்டுவந்து நகைச்சுவை சேர்த்தார்கள். முழுதாகப் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஏசிக்காகவே உள்ளே போய்த் தூங்கியவர்கள் நிறையப் பேர். எண்ணெய்க் கம்பெனி செலவில் நடந்த அரங்கு எண்ணெயைப் பற்றி எவ்வளவு கறாராகப் பேசியிருக்கும் என்பதும் நியாயமான கேள்விதான்.

புதியது, ரைடாகப் பார்த்தால் பிரமாதம். கிளம்பும்போதே பின்னோக்கிப் பாய்கிறது. ஓடும்போது வண்டி தானாகத் திரும்பித் திரும்பி நீங்கள் பார்க்க வேண்டிய பக்கத்தைக் காட்டுகிறது. ஆறு பழைய பாட்டுகளில் ஏதோ ஒன்று காதைப் பிளக்கிறது. பொருந்துகிறதா என்றால், டிஸ்னியிடம் ஒரு சமாதானம் இருக்கிறது. இது ஸாண்டார் என்ற கற்பனைக் கிரகம் பூமிக்காரர்களுக்காகத் திறந்த 'அரங்கு'. வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேல் கோளரங்கம் மாதிரி ஒன்று ஓடும். கதையில் பெருவெடிப்பு வருகிறது. கார்டியன்ஸ் கும்பலின் தலைவன் பீட்டர் க்வில் சின்ன வயதில் எப்காட் வந்தவன் என்று ஒரு நூலும் கட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இது ஒட்டவில்லை. பாத்திரங்களை எடுத்துவிட்டால் நிற்பது ஒரு நல்ல ரோலர் கோஸ்டர், அவ்வளவுதான். பெருவெடிப்பு அங்கே துரத்திப் போய்ச் சேரவேண்டிய ஒரு இடமே தவிர, அதைப் பற்றி எதுவும் தெரிந்துகொண்டு நீங்கள் இறங்குவதில்லை. கோஸ்டர் வந்ததற்காக எனக்கு வருத்தம் கிடையாது. நாம் எதை எரித்து வாழ்கிறோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொள்ளும் காலத்தில், அதைப் பேசவென்றே இருந்த அரங்கு போய்விட்டதுதான் உறுத்துகிறது. நல்ல ஆற்றல் ரைடை இப்போது எழுதுவது 1982-ஐ விடச் சுலபம். எழுத ஆளில்லை.

இதற்கு நேர் எதிர் கடல் அரங்கான 'த சீஸ்'. 1986 ஜனவரியில் 'த லிவிங் சீஸ்' என்ற பெயரில் திறந்தது. 57 லட்சம் கேலன், நம் கணக்கில் இரண்டு கோடி லிட்டருக்கும் மேல் உப்புநீர் கொள்ளும் தொட்டி. கடலடித் தளத்துக்குப் போகிறோம் என்று ஒரு லிஃப்டில் ஏற்றுவார்கள். அது இறங்குகிற மாதிரி நடுங்கும், ஆனால் உண்மையில் இறங்காது. இப்படி நாடகமெல்லாம் இருந்தும் கூட்டம் குறைந்துகொண்டே போனது. 2007-ல் நீமோவை உள்ளே கொண்டுவந்தார்கள். பழைய ரசிகர்கள் அன்றைக்கு எழுதிய இரங்கல் செய்திகளுக்குக் கணக்கில்லை.

ஆனால் அந்த ரைடின் கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். சிப்பி வடிவ வண்டியில் போய்க்கொண்டிருக்கிறோம். அதுவரை இரண்டு பக்கமும் பொம்மையும் திரையும்தான். திடீரென்று ஒரு பக்கம் நிஜத் தொட்டியின் கண்ணாடி. உள்ளே நிஜ மீன்கள் நீந்துகின்றன, அவற்றுக்கு நடுவே ஒளியால் வரைந்த நீமோவும் சுற்றுகிறான். நீமோவைத் தேடுகிற குழந்தையின் கண் தானாகவே நிஜ மீனுக்குப் போய்விடுகிறது. இறங்கினால் அதே தொட்டியைச் சுற்றி நின்று பார்க்கலாம், கடற்பசுக்களும் உண்டு. பக்கத்திலேயே நீமோ படத்தில் வரும் க்ரஷ் ஆமை திரையிலிருந்து குழந்தைகளின் கேள்விகளுக்கு அங்கேயே, அப்போதே பதில் சொல்கிறது.

நீமோவை நாளைக்கே அழித்துவிட்டாலும் தொட்டி அங்கேயே இருக்கும். பாத்திரம் இங்கே ஆள் கூட்டிக்கொண்டு வரும் வேலையைத்தான் செய்கிறது, பொருளின் இடத்தைப் பிடிக்கவில்லை. பாடத்தின் ஆழம் குறைந்துவிட்டதா? கொஞ்சம் குறைந்துதான் விட்டது. பழைய அரங்கில் கடல் ஆராய்ச்சியைப் பற்றி இருந்த விவரம் இப்போது இல்லை. ஆனாலும் காலியாகக் கிடந்த நல்ல பாடத்தைவிட, கூட்டம் நிற்கும் சுமாரான பாடம் மேல் என்றே சொல்வேன்.

இயற்கைப் பக்கத்தில் ஒரு வேடிக்கையான போட்டி நடக்கிறது. பாத்திரமே இல்லாத பழைய 'லிவிங் வித் த லேண்ட்' ஒருபுறம், 2023 அக்டோபரில் திறந்த மோனாவின் 'ஜர்னி ஆஃப் வாட்டர்' மறுபுறம். இரண்டும் சில நிமிட நடை தூரம்.

லேண்ட் ஒரு படகு ரைடு. இருட்டில் மழைக்காடு, பாலைவனம், புல்வெளி, பழைய பண்ணைவீடு என்று பொம்மைக் காட்சிகள் வரும் வரை இதிலென்ன என்றுதான் தோன்றும். அப்புறம் வெளிச்சம் வருகிறது, படகு பசுமைக் குடிலுக்குள் நுழைகிறது. இனி எல்லாமே உயிருள்ளது. வேர்கள் அந்தரத்தில் தொங்க, சத்துநீரைத் தெளித்தே வளர்க்கும் செடிகள். பந்தலிலிருந்து தொங்கும் பூசணிகள். மரம் போலப் படர்ந்த தக்காளி. அப்படி இங்கே வளர்ந்த ஒரே கொடியில் ஓராண்டுக்குள் 32,000-க்கும் மேல் பழம் பறித்து உலக சாதனைப் பதிவே வாங்கினார்கள். தொட்டிகளில் மீன் வளர்ப்பு. பிஞ்சிலேயே அச்சுக்குள் வைத்து மிக்கி தலை வடிவத்தில் விளைவித்த வெள்ளரிக்காய்! விளைகிறதில் ஒரு பங்கு மாடியிலுள்ள உணவகத்துத் தட்டுக்கே போகிறது. ஒரு குறை: முன்பெல்லாம் ஒவ்வொரு படகிலும் ஒரு ஆள் நின்று விளக்குவார், கேட்டால் பதில் சொல்வார். 2006 வாக்கில் அதைப் பதிவு செய்த குரலாக மாற்றிவிட்டார்கள். எல்சா நார்வே அரங்குக்குள் வந்தபோது (அந்தக் கதை பின்னால் வருகிறது) எழுந்த கூச்சலில் பத்தில் ஒரு பங்கு இதற்கு எழவில்லை. எனக்கென்னவோ இதுதான் பெரிய இழப்பு.

மோனாவுடையது ரைடே அல்ல, நடைபாதை. ஊற்று, ஓடை, ஆறு, கடல், மழை என்று நீர் சுற்றிவரும் வழியில் நாமும் நடக்கிறோம். கையை நீட்டினால் நீர் எழும்புகிறது, நரம்பு மாதிரி விழும் நீர்த்தாரையைத் தொட்டால் இசை வருகிறது. மோனாவை எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் படத்தோடு சம்பந்தமே தெரியாத அளவுக்கு அடக்கி வாசித்திருக்கிறார்கள். பாத்திரங்கள் வேண்டாம் என்கிறவர்கள் சண்டை போடவே தேவையில்லாத இடம் இது. விஷயம் கொஞ்சம் மெலிவுதான். சின்னப் பிள்ளைகள் தொப்பலாக நனைந்துவிட்டு, நீரின் சுழற்சியை ஒரு பலகையில்கூடப் படிக்காமல் வெளியே ஓடிவிடுவார்கள் (மாற்றுத் துணி அவசியம்). லேண்டா, மோனாவா என்றால் எட்டு வயதுக்கு மேல் லேண்ட், அதற்குக் கீழே மோனா.

நாடுகள் பக்கம் கதை வேறு. நார்வே அரங்கில் 1988 முதல் ஓடிய 'மேல்ஸ்ட்ராம்' படகு ரைடை 2014-ல் மூடி, அதே படகுகளையும் அதே நீர்வழியையும் வைத்துக்கொண்டு 2016-ல் 'ஃப்ரோஸன் எவர் ஆஃப்டர்' ஆக்கினார்கள். பழைய ரைடுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் அதில் என்ன இருந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். வைக்கிங்குகள், படகைப் பின்னால் தள்ளிவிடும் மூன்று தலைப் பூதம், பனிக்கரடிகள், வட கடல் எண்ணெய்க் கிணறு. முடிவில் நார்வேயைப் பற்றி ஒரு குறும்படம். பாதிக் கூட்டம் உட்காராமலே தியேட்டரைக் குறுக்கே கடந்து வெளியேறிவிடும். பல்கலைக்கழகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை.

இருந்தாலும் அந்த எண்ணெய்க் கிணறு நார்வேயைப் பற்றி ஒரு நிஜத்தைச் சொன்னது. அந்த நாடு இன்று எதனால் வாழ்கிறது என்பது அதில் இருந்தது. எல்சாவின் 'ஆரண்டெல்' எந்த வரைபடத்திலும் இல்லாத கற்பனை ஊர். நார்வேயின் மரக்கோயில்களும் உடையும் படத்துக்குத் தூண்டுதலாக இருந்தன என்பது சரிதான், ஆனால் ரைடுக்குள் நார்வே என்று ஒரு நாடு இருப்பதே தெரியாது. பாத்திரத்தை உருவினால் இருட்டும் ஒரு சறுக்கலும்தான் மிச்சம்.

பிரான்ஸ் அரங்கின் ரெமி கொஞ்சம் தேவலை. 2021-ல் வந்தது. முதலில் பாரிஸ் டிஸ்னியில் 2014-ல் திறந்த ரைடின் பிரதிதான். எலி அளவுக்குச் சுருங்கி பாரிஸ் உணவக அடுக்களையில் ஓடுகிறோம். சமையலை எடுத்துவிட்டு பிரான்ஸைப் பற்றிப் பேச முடியாதல்லவா, அந்த அளவில் ஒரு பிடிப்பு இருக்கிறது. அதோடு, அந்த நாட்டின் ஊர்களைக் காட்டும் 1982-ம் ஆண்டுப் படம் இன்றும் பக்கத்திலேயே ஓடுகிறது. புதியதற்காகப் பழையதைக் கொல்லவில்லை. மெக்ஸிகோ அரங்கின் படகு ரைடுக்குள் 2007-ல் டொனால்ட் டக்கை ஓடவிட்டதைப் பற்றி எழுத எதுவுமில்லை.

பாத்திரமே இல்லாமலும் பாடம் தொலையும், கிடைக்கவும் செய்யும் என்பதற்கு டெஸ்ட் ட்ராக் இருக்கிறது. 1999-ல் போக்குவரத்து வரலாற்று அரங்கை எடுத்துவிட்டு இந்த வேகக் கார் ரைடை வைத்தபோது 'போச்சு, எல்லாம் போச்சு' என்றார்கள். அந்த முதல் வடிவத்தில் ஒரு கட்டம்: ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இல்லாமல் பிரேக் பிடித்ததும் கார் வழுக்கி வரிசையாக வைத்த கூம்புகளை இடித்துத் தள்ளும். அடுத்த முறை ஏபிஎஸ்ஸோடு பிரேக் பிடித்தால் கூம்புகளைத் தொடாமல் வளைந்து நிற்கும். வித்தியாசம் உங்கள் முதுகுக்கே தெரியும், பலகை எதுவும் தேவையில்லை. த்ரில்லும் பாடமும் ஒரே இருக்கையில் உட்கார முடியும் என்று காட்டிய கட்டம் அது. 2012 மாற்றத்தில் அது காணாமல் போனது. திரையில் கார் வடிவமைக்கும் விளையாட்டு வந்தது. 2025-ல் மறுபடி மாற்றியபோது பழைய போக்குவரத்து அரங்கின் சாயலைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

கடைசியாக ஃபிக்மென்ட். 1983-ல் கற்பனை அரங்குக்கென்றே பிறந்த ஊதா நிறக் குட்டி டிராகன். எந்தப் படத்திலிருந்தும் கடன் வாங்கியதில்லை, அக்மார்க் எப்காட் சரக்கு. 1999-ல் அதைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டார்கள், ரசிகர்கள் கொதித்தார்கள், 2002-ல் புலன்களைப் பற்றிய ஒரு புது வடிவத்தில் திரும்பி வந்தது. இன்று அதில் ஏறினால் ஒரு சோதனைக்கூடம், கும்மென்று ஒரு துர்நாற்றம், கொஞ்சம் குறும்பு. கற்பனை எப்படி வேலை செய்கிறது என்று எதுவுமில்லை. ஃபிக்மென்டை உருவினாலும் அங்கே மிச்சம் எதுவும் நிற்காது, கார்டியன்ஸ் மாதிரியேதான். சொந்தப் பிள்ளை என்பதற்காக மார்க் போட முடியாது. நாளைக்கு அந்த இடத்துக்குப் பிக்ஸார் பாத்திரம் ஒன்று வந்து, ஒரு படம் வரைவது எப்படி, ஒரு பாட்டு கட்டுவது எப்படி என்று குழந்தையின் கையிலேயே கொடுத்துக் காட்டினால், நான் அந்தப் பாத்திரத்தின் பக்கம்தான் நிற்பேன்.