பார்க்கப் போன இடத்தில் கேட்டது: இஸ்தான்புல்லில் ஒரு ஸமா மாலை

இஸ்தான்புல்லின் பழைய நகரப் பகுதியில், வெளிநாட்டுப் பயணிகளுக்காகச் சீட்டு விற்று நடத்தப்படும் ஸமா நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். சூஃபிக் கவிஞர் மௌலானா ரூமியின் வழிவந்த, மௌலவி தரீக்கா என்னும் சூஃபி நெறியினர் வெள்ளை அங்கி விரியச் சுழலும் சடங்குதான் இது. இங்கே அதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். ‘ஸமா’ என்ற அரபுச் சொல்லுக்குக் கேட்டல் என்று பொருள். ஆனால் சீட்டிலும் விளம்பரப் பலகையிலும் இது முழுக்க முழுக்கப் பார்ப்பதற்கான காட்சியாகவே அறிவிக்கப்படுகிறது. கேட்டல் எப்படி அமைய வேண்டும் என்று இஸ்லாமிய அறிஞர்கள் 900 ஆண்டுகளுக்கு முன்பே நுணுக்கமாக எழுதி வைத்திருப்பதால், இருக்கை வசதியையும் ஒலிபெருக்கியையும் விட்டுவிட்டு அந்த அளவுகோலையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ பெருநூலின் 40 பகுதிகளுள் ஒன்றை முழுவதும் ஸமாவுக்கும், அதனால் விளையும் வஜ்து என்னும் பரவசத்துக்கும் ஒதுக்கினார். இசை உள்ளத்தில் இல்லாத எதையும் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை, அங்கே ஏற்கெனவே இருப்பதைத்தான் கிளறிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் அடித்தளம். அதனால்தான் ஒரே பாடல் ஒருவருக்கு ஆகுமானதாகவும் இன்னொருவருக்கு விலக்கப்பட்டதாகவும் ஆகிவிடுகிறது. இன்குரல் கொண்ட அடிமை ஒருவன் பாடப் பாட, பாரம் சுமந்த ஒட்டகங்கள் மூன்று நாள் வழியை ஒரே இரவில் கடந்துவந்து, சுமை இறக்கியதும் செத்து விழுந்த கதையையும் அவர் எடுத்துச் சொல்கிறார்.

ஸமாவுக்குக் காலம், இடம், தோழர் ஆகிய மூன்றும் பொருந்தி வர வேண்டும் என்ற சூஃபி ஞானி ஜுனைத் பக்தாதியின் (இறப்பு 910) கூற்றை கஸ்ஸாலி தம் நூலில் விரித்துரைக்கிறார். தொழுகை வேளையும் உணவு வேளையும் கூடாது என்பது முதல் நிபந்தனை. நான் சென்ற அன்று, நிகழ்ச்சி தொடங்கவிருந்த நேரத்தில் வெளியே மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு ஒலித்தது. கால அட்டவணையை வகுத்தவர்களுக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை போலும். இடத்தைக் குறை சொல்ல முடியாது. கல் வளைவுகளுடைய சிறிய அரங்கு, மெல்லிய குரலும் கடைசி வரிசை வரை தெளிவாக எட்டுகிறது. தோழர் விஷயத்தில்தான் எல்லாம் குலைந்தது. ஸமாவில் அமர்ந்திருப்பவர் தலை தாழ்த்தி இருக்க வேண்டும், பிறர் முகங்களை உற்றுப் பார்க்கக் கூடாது, இருமலையும் கொட்டாவியையும்கூட அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது கஸ்ஸாலி சொல்லும் ஒழுக்கம். எனக்கு முன்னால் இருந்த வரிசை முழுவதும், படம் எடுக்கக் கூடாது என்ற அறிவிப்புக்குப் பின்னரும், கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்திருந்தது. பணியாளர்கள் அதைக் கண்டும் காணாததுபோல் நின்றார்கள்.

இசையைப் பற்றி என்னிடம் குறையில்லை. இத்ரீ இசையமைத்த நபிபுகழ்ப் பாடலுடன் தொடங்கி, குதூம் என்னும் இரட்டை முரசின் அடி விழுந்தபின், நேய்க் குழல் தனித்து ஒலித்த சில நிமிடங்களே இந்த மாலையின் உச்சம். வாசித்தவர் மூச்சின் சரசரப்பை மறைக்க முயலாமல் அதையும் சுரத்தின் ஒரு பகுதியாகவே விட்டிருந்தார். பிறகு மூன்று முறை அரங்கை வலம் வந்து, கறுப்பு மேலங்கியைக் களைந்து, வலது உள்ளங்கை மேல்நோக்கியும் இடது உள்ளங்கை கீழ்நோக்கியும் இருக்க, சலாம் எனப்படும் நான்கு கட்டங்களாகச் சுழற்சி நடந்தது. கஸ்ஸாலி அங்கே இருந்திருந்தால் முரசை அனுமதித்து, கானூன், ஊது என்னும் நரம்புக் கருவிகளை வெளியே அனுப்பியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். வசந்தத்தின் மலர்களும் யாழின் நரம்புகளும் அசைக்காத மனிதனின் இயல்பு கெட்டது, அதற்கு மருந்தில்லை என்று எழுதிய அதே கைதான், குடிப்பவர்களின் கூட்டங்களோடு சேர்ந்து பழகிவிட்டவை என்பதற்காக நரம்புக் கருவிகளை விலக்கிவைத்தது.

நுழைவாயிலில் தரும் துண்டறிக்கை மட்டும் எரிச்சலூட்டியது. சுழல்பவர்கள் ‘தன்னை மறந்த மயக்கத்தில்’ ஆழ்வதாக அதில் அச்சிட்டிருக்கிறார்கள். பழைய பயிற்சியில், பலகையில் அறைந்த ஆணியைக் கால்விரல்களுக்கு இடையில் பற்றிக்கொண்டே சுழலப் பழகுவார்கள். அத்தனை கட்டுப்பாட்டோடு கற்கும் ஒன்றை மயக்கம் என்பது பொருந்தாது. ஸமாவில் பிறர் அசைந்தாடும்போது நீங்கள் ஏன் அசையாமல் இருக்கிறீர்கள் என்று ஜுனைதிடம் கேட்டபோது, மலைகளை அசையாதவை என்று நீ எண்ணுகிறாய், அவையோ மேகங்களைப் போல் கடந்து செல்கின்றன என்ற திருக்குர்ஆன் வசனத்தையே (27:88) விடையாக ஓதினாராம். அந்த ஒற்றை வரியை அச்சிட்டிருந்தால் துண்டறிக்கைக்குப் பயன் இருந்திருக்கும்.

ஸமா சீட்டு வாங்கிப் பார்க்கும் கலைநிகழ்ச்சியாக மாறியதற்கு இந்த அரங்கை மட்டும் பொறுப்பாக்க முடியாது. 1925இல் துருக்கிக் குடியரசு தரீக்காக்களின் இல்லங்களைச் சட்டம் போட்டு மூடியது. பின்னர் இச்சடங்கு பண்பாட்டு நிகழ்ச்சியாகத்தான் மேடைக்குத் திரும்பியது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது.

செல்ல விரும்புவோர் முதலில் பகலில் இந்நகரின் கலாட்டா என்னும் பகுதியில் உள்ள பழைய மௌலவி தரீக்கா இல்லத்தைப் பார்த்துவிட்டுச் செல்லலாம். 1491இல் நிறுவப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அங்கே, எண்கோண வடிவில் அமைந்த ஸமா கூடம் சடங்கின் உண்மையான அளவை உணர்த்திவிடும். மாலையில் முன்வரிசையைத் தவிர்த்து, வாத்தியக் குழுவுக்குப் பக்கவாட்டில் இடம் கேளுங்கள். சுழற்சி நின்றதும் எழுந்துவிடாதீர்கள். எங்கு திரும்பினாலும் அங்கே இறைவனின் முகம் இருக்கிறது என்ற வசனத்தை அதற்குப் பிறகுதான் ஓதினார்கள், அப்போது அரங்கில் பாதிப் பேர் வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.