புவிசார் குறியீடா, வணிகச் சின்னமா?

காஞ்சிபுரம் பட்டுச் சேலை நெய்து விற்பவருக்கு இரண்டு சட்டப் பாதுகாப்புகள் உண்டு. வணிகச் சின்னம் அவருடைய கடைப் பெயருக்கோ முத்திரைக்கோ உரியது. அதை அவர் விற்கலாம், பிறருக்கு உரிமமும் தரலாம். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையிலுள்ள பதிவகம், ஒரு பொருள் இன்ன ஊருக்கு உரியது என்பதைக் காட்ட வழங்கும் புவிசார் குறியீடோ, அந்த ஊரில் அத்தொழிலைச் செய்வோர் அனைவருக்கும் பொதுவானது என்பதால், எவரும் அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. ஆனால் அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்தும் உரிமையைப் பெற, ஒவ்வொரு நெசவாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். கைத்தறிக் குடும்பங்களுக்கு முதலில் எடுத்துச் சொல்ல வேண்டியது இதைத்தான். வணிகச் சின்னம், புவிசார் குறியீடு இரண்டையுமே 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேறெங்கோ நெய்த சேலை காஞ்சிபுரத்தின் பெயரில் விற்கப்படும்போது, தனியொருவரின் சின்னம் அதைத் தடுக்காது. அங்கே புவிசார் குறியீடே துணை நிற்கும்.