144 ஹெர்ட்ஸ் என்று சொல்லி 75-ஐத் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

ஒரு மாதச் சம்பளம். முழுசாக ஒரு மாதச் சம்பளம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய சாமான்களை விற்கும் ஒரு செயலி. பெயர் வேண்டாம். 27 அங்குலம், 1440பி (2560x1440 புள்ளிகள்), 144 ஹெர்ட்ஸ் (படம் நொடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படும்) என்று விளம்பரம். நம்ப வைத்தது விலை அல்ல, ஒரு வீடியோ. அதே மானிட்டரில் விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து, ரெஃப்ரெஷ் ரேட் (அந்த ஹெர்ட்ஸ் எண்) 143.97 என்று இருப்பதை விற்றவர் காட்டினார். தசமப் புள்ளியோடு எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. (அசல் 144 மானிட்டரும் பல நேரம் 143.9 சொச்சம்தான் காட்டும். 60-க்குப் பதில் 59.94 வருவதும் அப்படித்தான், கோளாறு இல்லை.) அன்றிரவே பணம் போய்விட்டது.

வந்ததை மாட்டினால் பட்டியலில் 60, 75. அவ்வளவுதான்.

விற்றவரைக் கேட்டால், “கேபிள் மாத்திப் பாருங்க ப்ரோ.”

இந்தப் பதிலில்தான் சூது. 1440பி திரை 75-இல் முடங்குவதற்கு நியாயமான காரணங்கள் நிஜமாகவே உண்டு. ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் கணினியையும் மானிட்டரையும் இணைப்பவை, பதிப்பு பழசானால் சுமக்கும் தரவு குறையும். ஹெச்டிஎம்ஐ 1.4 படத்துக்காகச் சுமப்பது நொடிக்கு 8.16 கிகாபிட். 1440பி-யை 144-இல் ஓட்ட ஏறத்தாழ 14 கிகாபிட் வேண்டும். ஹெச்டிஎம்ஐ 2.0-வில் 14.4 இருப்பதால் மயிரிழையில் நுழையும், அதுவும் 8 பிட் நிறத்தில் மட்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-க்கு 17.28, தாராளம், ஆனால் நிறம் இன்னும் நுணுக்கமாக, 10 பிட் கேட்டால் அதுவும் கொள்ளாது. மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பை 1.1 என்று யாராவது வைத்திருந்தால் 8.64-க்குச் சுருங்கி, மறுபடியும் அதே 75-தான் கதி. யூஎஸ்பி-சி ஹப்களில் பல, நான்கு தரவுத் தடத்தில் இரண்டை யூஎஸ்பி-க்கு எடுத்துக்கொள்ளும், அங்கேயும் இடிக்கும். இத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புது டிஸ்ப்ளேபோர்ட் கேபிள், மெனுவில் 1.2, நிறம் 8 பிட். நான்கு நாள் ஓடிவிட்டது. 75.

“டிரைவர் பழசா இருக்கும் ப்ரோ.” சேஃப் மோடில் கிராபிக்ஸ் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) துடைத்து, புதிதாகப் போட்டேன். 75.

“உங்க கார்டு தாங்காது ப்ரோ.” அதே கிராபிக்ஸ் கார்டில், அதே கேபிளில் இன்னொரு மானிட்டர் 144-இல் ஓடுகிறது. கேபிள் மதர்போர்டில் இல்லை, கார்டில்தான் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன்.

“75-க்கும் 144-க்கும் கண்ணுக்கு என்ன பெருசா தெரியப்போகுது?” அதோடு பேச்சு நின்றது. செயலிக்காரர்களிடம் போனால் ஏழு நாள் கெடு தாண்டிவிட்டதாம். புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். எது தீர்ந்தது? என் ஒரு மாதச் சம்பளம்தான் தீர்ந்தது.

பிறகுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப் பற்றிய விவரத்தை ஈடிஐடி என்ற சின்னத் தரவுத்தொகுப்பில் வைத்திருக்கும். கணினி அதைப் படித்துத்தான் பட்டியல் போடுகிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற, கணினி விவரம் காட்டும் மென்பொருளில் மானிட்டர் பகுதியைத் திறந்தால் மாடல், தயாரித்த வாரம், ஆண்டு, செங்குத்து அதிர்வெண் வரம்பு (எத்தனை ஹெர்ட்ஸ் முதல் எத்தனை வரை) எல்லாம் வரும். இதில் வரம்பு 48 முதல் 75. பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் வேறு, உள்ளே இருக்கும் மாடல் வேறு.

அப்படியானால் வீடியோவில் 143.97 எப்படி வந்தது? கஸ்டம் ரெசல்யூஷன் யுட்டிலிட்டி மாதிரி ஒரு மென்பொருளில் இஷ்டப்பட்ட எண்ணைச் சேர்க்கலாம். அது அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) மட்டும் எழுதும், மானிட்டரைத் தொடாது. நானும் சேர்த்துப் பார்த்தேன். அவர் காட்டிய அதே 143.97, திரையும் கறுக்கவில்லை! உள்ளிருக்கும் போர்டு நொடிக்கு 144 பிரேமை (தனித்தனிப் படங்களை) வாங்கிக்கொண்டு, பேனல், அதாவது திரை, தாங்காததைச் சத்தமில்லாமல் கீழே போடுகிறது. டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தில் பிரேம் ஸ்கிப்பிங் சோதனையை (ஒவ்வொரு பிரேமுக்கும் அடுத்த ஒரு கட்டம் ஒளிரும்) ஓடவிட்டு, போன் கேமராவின் புரோ மோடில் ஷட்டரை 1/10 நொடி வைத்து ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். அசல் 144 என்றால் சுமார் 14 கட்டங்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாக ஒளிர வேண்டும். இதில் ஒன்றுவிட்டு ஒன்று இருட்டு. ஏழுதான். அதாவது 144-இல் பாதி, 72.

வாங்குகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. விண்டோஸ் பக்கத்தை வீடியோவில் காட்டினால் நம்பாதீர்கள். கட்டம் இருட்டாகாத அந்தப் புகைப்படத்தைக் கேளுங்கள். இரண்டு திரை இருந்தால் அந்தப் பக்கம் எந்தத் திரையைக் காட்டுகிறது என்று மேலே பாருங்கள். கெடுவுக்குள் ஈடிஐடியைப் படியுங்கள், கேபிளோடு மல்லுக்கட்டுவதெல்லாம் அப்புறம். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

இதை எழுதும்போதே விற்ற ஆளிடமிருந்து செய்தி: “ரிவ்யூவை எடுத்துடுங்க ப்ரோ, கால்வாசி தர்றேன்.” எடுக்க மாட்டேன். போனது ஒரு மாதச் சம்பளம், ஒரு வாரச் சம்பளம் இல்லை.